பழவேற்காட்டில் அரிய பறவையைக் கண்டதாக அறிவிக்கும் முன்: கூதிர்காலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்த கூதிர்காலம் சென்னைக்கு வடகிழக்குப் பருவமழையைக் கொண்டுவரும் அதே வாரங்களில், நகருக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பழவேற்காடு ஏரிக்குச் சைபீரியாவிலிருந்தும் மங்கோலியாவிலிருந்தும் திபெத்திலிருந்தும் புறப்பட்ட பறவைகள் வந்து சேர்கின்றன. ஒடிசாவின் சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. இதன் கரையில் ஞாயிறுதோறும் பைனாகுலரோடு நிற்பவர்களின் எண்ணிக்கை கூடக்கூட, வாட்ஸ்அப் குழுக்களில் அரிய பறவை பற்றிய அறிவிப்புகளும் கூடிக்கொண்டே போகின்றன. அவற்றுள் கணிசமானவை, மாலையில் யாரோ ஒருவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததும் வழக்கமான பறவைகளாக மாறிவிடுகின்றன. அப்படி மாறியவற்றில் என்னுடையதும் ஒன்று இருப்பதால், பிறரைக் குறைகூறும் தகுதி எனக்கு இல்லை. தவறு எங்கே நேர்கிறது என்பதைச் சொல்லும் தகுதி ஓரளவு உண்டு.

என் கணிப்பில், ஏறக்குறைய எல்லாத் தவறுகளுக்கும் வேர் ஒன்றுதான். அரிய பறவையின் படத்தைக் களக்கையேட்டில் நூறு முறை பார்த்துவிட்டுப் புறப்படுகிறோம். இங்கே வழக்கமாக வரும் சிறு கரைப்பறவையான கொசு உள்ளானை ஒரு முறையாவது ஐந்து நிமிடம் நின்று பார்த்திருக்க மாட்டோம். வழக்கமான பறவை இளமையில் எப்படி இருக்கும், இறகு உதிர்க்கும்போது எப்படி இருக்கும், சேறு பூசிக்கொண்டால் எப்படி இருக்கும் என்று தெரியாதவருக்கு, அது கொஞ்சம் வேறுபட்டுத் தெரிந்தவுடன் வேறொரு பறவையாகிவிடுகிறது.

நீரைப் பார்க்காமல் நாட்காட்டியைப் பார்ப்பது

நவம்பர் பிறந்துவிட்டது, பூநாரைகள் வந்திருக்கும் என்று புறப்பட்டுப் போய் வெறும் நீர்ப்பரப்பைக் கண்டு திரும்புவோர் ஆண்டுதோறும் உண்டு. பூநாரைக்கும் உள்ளானுக்கும் வேண்டியது நீர் அன்று, ஆழமில்லாத நீர். ஆரணி ஆறும் காளங்கி ஆறும் மழைவெள்ளத்தைக் கொண்டுவந்து கொட்டும்போது ஏரியின் சேற்றுத்திட்டுகள் மூழ்கிவிடுகின்றன. குட்டைக்கால் பறவைகள் உப்பளங்களுக்கும் வயல்களுக்கும் சிறு ஏரிகளுக்கும் பிரிந்து சென்றுவிடுகின்றன. மழை ஓய்ந்து நீர் வடியத் தொடங்கிய பிறகே பெருங்கூட்டங்கள் திரள்கின்றன. ஏரியின் ஆந்திரப் பக்கத்திலுள்ள சூலூர்ப்பேட்டையில் பூநாரைத் திருவிழாவைப் பொங்கலை ஒட்டிய வாரங்களில் நடத்துவதற்கும் இதுவே காரணம்.

சென்னைக் கடற்கரையில் ஓதத்தின், அதாவது கடல்நீர் மட்டத்தின், ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர் அளவே என்பதால், ஓத அட்டவணையை மட்டும் நம்பி இங்கே திட்டமிட முடியாது. முகத்துவாரம் திறந்திருக்கிறதா, மணல்மேடு அடைத்துக்கொண்டதா என்பதே ஏரியின் நீர்மட்டத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது. அதைப் பழவேற்காட்டு மீனவர்களிடம் கேட்டால் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுவார்கள். ஏரி நிரம்பிக் கிடக்கும் வாரங்களில் காட்டூர், தத்தமஞ்சி பகுதிகளின் நன்னீர் ஏரிகளையும் வயல்களையும் பார்ப்பது பயனுள்ளது. எல்லோரும் பெரிய ஏரியை நோக்கியே ஓடுவதால் அங்கே என்ன வந்து இறங்குகிறது என்பது பெரும்பாலும் பதிவாவதே இல்லை.

மீனவர்களிடம் கேட்பதிலும் ஒரு தவறு நேர்கிறது. கைப்பேசியில் படத்தைக் காட்டி, "அண்ணே, இந்தப் பறவை இங்கே வருமா?" என்று கேட்டால், வெளியூரிலிருந்து வந்தவரை ஏமாற்றமடையச் செய்யக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் "வரும் சார்" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். அந்த விடையை ஆதாரமாக எழுதிவைப்பது அவருக்கும் நியாயமன்று, பறவைக்கும் நியாயமன்று. படத்தைக் காட்டாமல், இந்த வாரம் புதிதாக ஏதாவது கண்ணில் பட்டதா, எங்கே, எத்தனை, என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்டுப் பாருங்கள். சொல்வதற்கு அவரிடம் நிறைய இருக்கும்.

பெயரையும் நிறத்தையும் நம்புவது

பழுப்புத்தலைக் கடற்காகத்துக்குக் கூதிர்காலத்தில் பழுப்புத் தலை கிடையாது. கருந்தலைக் கடற்காகத்துக்கும் தலை கறுத்திருக்காது. இரண்டுக்கும் வெள்ளைத் தலையும், கண்ணுக்குப் பின்னே ஒரு கரும்புள்ளியும் மட்டுமே இருக்கும். பெயரை வைத்துத் தேடுகிறவர் இரண்டையும் ஒதுக்கிவிட்டு மூன்றாவதாக ஒன்றைக் கற்பனை செய்கிறார். அந்த மூன்றாவது, இப்பகுதியில் அரிதான மெல்லலகுக் கடற்காகமாக இருந்துவிடுகிறது. பழுப்புத்தலைக் கடற்காகம் கழுத்தை நீட்டி எச்சரிக்கையோடு நிற்கும்போது நெற்றி சரிந்தும் அலகு நீண்டும் தோன்றுவது இந்த மயக்கத்தை வலுப்படுத்துகிறது. நிற்கும் தோற்றத்தை விட்டுவிட்டு, அது சிறகை விரிக்கும்வரை காத்திருக்க வேண்டும். முதிர்ந்த பழுப்புத்தலைக் கடற்காகத்துக்குச் சிறகின் நுனி கறுத்து, அதற்குள் வெண்திட்டுகள் இருக்கும்; கண் வெளிறியிருக்கும். கருந்தலைக் கடற்காகத்துக்குச் சிறகின் முன்விளிம்பில் வெண்பட்டை ஓடும். கண் கருமையாக இருக்கும். வெளிறிய கண்ணும் முன்விளிம்பில் வெண்பட்டையும் ஒரே பறவையில் சேர்ந்து தெரிந்தால் மட்டுமே மெல்லலகுக் கடற்காகத்தைப் பற்றிப் பேசத் தொடங்கலாம். அப்போதும் இளம்பறவைகளின் கண் நிறம் வேறுபடும் என்பதை மறந்துவிடக்கூடாது.

வளைமூக்கு உள்ளானின் கதை இதைவிடச் சுவையானது. ஆர்க்டிக் தூந்திரத்தில் செங்கல் நிறத்தில் இருந்த பறவை இங்கே சாம்பல் உடையோடு குளிர்காலத்தைக் கழிக்கிறது. ஆனால் உடை மாற்றம் ஒரே நாளில் முடிவதில்லை. ஐப்பசித் தொடக்கத்தில் வயிற்றில் செந்திட்டுகள் எஞ்சிய பறவையையும், மார்பில் இளமஞ்சள் சாயல் கொண்ட அவ்வாண்டுக் குஞ்சையும், முழுச் சாம்பல் பறவையையும் ஒரே சேற்றுத்திட்டில் பார்க்கலாம். மூன்றும் மூன்று இனங்களாகப் பட்டியலில் ஏறிய நாட்கள் உண்டு. வடமேற்கு இந்தியாவில் சாதாரணமாகத் தென்படுவதும் இங்கே அரிதானதுமான டன்லின் உள்ளானாக அறிவிக்கப்படுபவற்றில் பெரும்பாலானவை அலகு சற்றே குட்டையான வளைமூக்கு உள்ளான்களே. பறக்கும்போது வளைமூக்கு உள்ளானின் பிட்டம் தூய வெண்மையாகத் தெரியும். டன்லினுக்கு அதன் நடுவே கருங்கோடு ஓடும். பறக்கும் படம் இல்லாத டன்லின் அறிவிப்பை நான் இப்போதெல்லாம் ஆர்வத்தோடு வாசிப்பதில்லை.

மணல் உப்புக்கொத்திகளில் சிறியதையும் பெரியதையும் பிரிக்க அலகின் நீளமும் கால்களின் நீளமும் நிறமுமே துணை. ஒரே திட்டில் இரண்டும் நின்றால்தான் அந்த வேறுபாடு கண்ணுக்குப் பிடிபடும். இதற்கிடையே பறவையியலாளர்கள் சிறிய மணல் உப்புக்கொத்தியைத் திபெத்திய இனமென்றும் சைபீரிய இனமென்றும் அண்மையில் இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். இந்தியாவுக்கு வருபவை பெரும்பாலும் திபெத்தியவை. புதிய பெயரொன்று கிடைத்த உற்சாகத்தில் குளிர்கால உடையிலிருக்கும் பறவையைச் சைபீரிய இனம் என்று எழுதுவது துணிச்சலே தவிர அடையாளம் காண்பது ஆகாது.

பூநாரைகளில் சாம்பலும் பழுப்புமாக நிற்பவை இளம்பறவைகள். அவை வேறு இனமும் அல்ல, நோயுற்றவையும் அல்ல. சிறிய பூநாரை பழவேற்காட்டில் எப்போதாவது தென்படுகிறது என்றாலும், குனிந்து மேயும் இளம் பெரிய பூநாரையைச் சிறிய பூநாரை என்று எழுதுவது அதைவிட அடிக்கடி நிகழ்கிறது. அலகைப் பாருங்கள்: பெரியதற்கு வெளிர்சிவப்பு அலகும் கரிய நுனியும் இருக்கும், சிறியதற்கு அலகு முழுவதுமே கருஞ்சிவப்பாக, தொலைவிலிருந்து கறுப்பாகவே தெரியும். வானில் வட்டமிடும் நத்தைகுத்தி நாரையைச் செங்கால் நாரை என்று மயங்குவதும் இதே வகைதான். இரண்டுக்கும் உடல் வெள்ளை, சிறகின் பின்பகுதி கறுப்பு. பவள நிற அலகையும் கால்களையும் பார்க்காமல் செங்கால் நாரை என்று சொல்லவே கூடாது.

சேறு, கறை, ஒளி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகைக் காலையில், ஏரியின் தமிழகக் கரையிலுள்ள அண்ணாமலைச்சேரியில் நின்றிருந்தேன். மழை விட்டு இரண்டு நாட்கள் ஆகியிருந்தன. கொசு உள்ளான் கூட்டத்தின் ஓரத்தில், அலகின் நுனி கரண்டிபோல் அகன்ற ஒரு சிறு பறவை நின்றது. ரஷ்யாவின் வடகிழக்கு முனையில் இனப்பெருக்கம் செய்வதும், உலகிலேயே சில நூறு மட்டும் எஞ்சியிருப்பதும், கோடியக்கரையில் முன்னொரு காலத்தில் பதிவானதுமான கரண்டிமூக்கு உள்ளான் என் கண்முன் நிற்கிறது என்று முடிவு செய்ய எனக்கு நான்கு விநாடிகள் போதுமானதாக இருந்தன. ஒரு மங்கலான படத்தோடு குழுவில் செய்தி போட்டேன். நண்பகலுக்குள் நான்கு பேர் வந்துவிட்டார்கள். ஒருவர் அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டுத் தாம்பரத்திலிருந்து ரயிலும் பேருந்துமாக மாறி மாறி வந்தார். எல்லோரும் ஸ்கோப்பைச் சுற்றி நின்றபோது அந்தப் பறவை நீரோரம் வந்து அலகை இரண்டு முறை நீரில் நனைத்தது. கரண்டி கரைந்து போயிற்று. அலகு நுனியில் ஒட்டிய களிமண் உருண்டை அது.

பின்னர்தான் தெரிந்துகொண்டேன், இந்தப் பறவையைத் தேடுவோர் உலகெங்கும் விழும் பழைய குழி இது. உண்மையான கரண்டிமூக்கு உள்ளானைப் பக்கவாட்டில் பார்க்கும்போது கரண்டி சரியாகத் தெரியக்கூடத் தெரியாது. நேர் எதிரே திரும்பும்போதுதான் தெளிவாகும். மேலும், கொசு உள்ளான் தையல் இயந்திரம்போல் குத்திக் குத்தி மேய்கையில், இது அலகைப் பக்கவாட்டில் துழாவி மேயும். நடத்தையைக் கவனித்திருந்தால் நான்கு பேரின் ஒரு நாள் வீணாகியிருக்காது.

கால் நிறத்துக்கும் இதே கதிதான். சேறு பூசிய காலோடு நிற்கும் சின்ன வெள்ளைக் கொக்குக்கு மஞ்சள் பாதம் மறைந்துவிடுவதால் அதைக் கடற்கரைக் கொக்கின் வெண்ணிற வடிவம் என்று எழுதுகிறார்கள். கறைபடிந்த இறகும் ஏமாற்றும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, கூழைக்கடாக்களின் இறகுகள் கறுத்துப்போயின. அந்நாட்களில் எண்ணூரையும் பழவேற்காட்டையும் சுற்றிப் பறந்த எந்தப் பறவையின் நிறத்தையும் எச்சரிக்கையோடுதான் பார்க்க வேண்டியிருந்தது.

ஒளியைப் பொறுத்தவரை ஒரு எளிய செய்தி உதவும். சூலூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்கு ஏரியின் குறுக்கே செல்லும் சாலை ஏறத்தாழ மேற்கு கிழக்காக ஓடுகிறது. கார்த்திகையில் சூரியன் நாள் முழுவதும் தென்வானில்தான் இருக்கும். ஆகவே சாலையின் வடபுறத்துப் பறவைகள் நல்ல வெளிச்சத்தில் தெரியும். தென்புறத்தில் நிற்பவை கரிய நிழலுருவங்களாகவும், அவற்றின் கால்கள் எல்லாமே கறுப்பாகவும் தோன்றும். காலை பத்து மணிக்கு மேல் வெயில் ஏறிவிட்டால் நீர்ப்பரப்பின் மேல் கானல் அலையத் தொடங்கும். அதற்குப் பிறகு 200 மீட்டருக்கு அப்பால் அலகின் நீளத்தை அளப்பதாகச் சொல்வது ஊகம்தான். தனியாக நிற்கும் பறவையின் பருமனைச் சொல்வதும் அப்படியே. பக்கத்தில் தெரிந்த பறவை ஒன்று வந்து நிற்கும்வரை அளவு பற்றி வாய் திறக்காமல் இருப்பது நல்லது.

புயலுக்குப் பின் ஏரிக்கு ஓடுவது

வங்கக்கடலில் உருவாகும் புயல்கள், கரையையே பார்க்காமல் வாழும் கடற்பறவைகளை உள்ளே தள்ளிவிடுகின்றன. ஃபிரிகேட் பறவைகள், பூபிகள், ஆழ்கடல் ஆலாக்கள் போன்றவை அவ்வாறு வருகின்றன. அவற்றைக் காண ஏரிக்குள் தேடுவதைவிட, எச்சரிக்கை விலக்கப்பட்ட பிறகு கடற்கரையிலிருந்தும் முகத்துவாரத்தை ஒட்டியும் வானத்தைக் கவனிப்பது பொருத்தமானது. எச்சரிக்கை நடப்பில் இருக்கும்போது படகு கேட்டு மீனவரை வற்புறுத்துவது பற்றி எழுத வேண்டியிருப்பதே வருத்தத்துக்குரியது. மொட்டை மாடியிலோ தெருவிலோ களைத்து விழுந்து கிடக்கும் கடற்பறவையை நீரூட்டிப் பார்ப்பதும், பறக்க வைப்பதாக எண்ணி மேலே வீசுவதும் அதைக் கொன்றுவிடக்கூடும். காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். படம் எடுப்பதற்கு அதன் பிறகும் நேரம் இருக்கும்.

மாநில எல்லையை மறப்பது

பழவேற்காடு ஏரிக்கே உரிய தவறு இது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்திலும் சிறுபகுதி திருவள்ளூர் மாவட்டத்திலும் இருக்கிறது. சென்னையிலிருந்து காலையில் கிளம்புகிறவர் பழவேற்காட்டில் தொடங்கி, அண்ணாமலைச்சேரியில் நின்று, சூலூர்ப்பேட்டைச் சாலையில் முடித்துவிட்டு, இரவு வீட்டில் அமர்ந்து எல்லாவற்றையும் பழவேற்காடு என்ற ஒரே இடப்புள்ளியில், ஒரே பட்டியலாக, பறவைப் பதிவுகளைத் தொகுக்கும் இ-பேர்ட் தளத்தில் ஏற்றிவிடுகிறார். ஆந்திரத்தில் நின்ற பறவை தமிழ்நாட்டுப் பறவையாகிவிடுகிறது. மாநிலத்தின் முதல் பதிவு என்று கொண்டாடப்பட்ட ஒன்று, சாலையின் மைல்கல் படத்தில் தெரிந்ததால் பக்கத்து மாநிலத்துக்குப் போன வேடிக்கையும் நடக்கக்கூடியதே. இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு: சூலூர்ப்பேட்டை 2022 ஏப்ரல் வரை நெல்லூர் மாவட்டத்தில் இருந்தது, இப்போது திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. பழைய குறிப்புகளோடு ஒப்பிடுகிறவர் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும். இடம் மாறும்போதெல்லாம் புதிய பட்டியல் தொடங்குவது ஒரு நிமிட வேலை.

ஒரு பகுதியில் எதிர்பாராத இனத்தையோ எண்ணிக்கையையோ ஏற்றினால் இ-பேர்ட் விளக்கம் கேட்கும். தன்னார்வலர்கள் அதைப் படித்து மதிப்பிடுகிறார்கள். அந்த விளக்கப் பெட்டியில் எழுதப்படும் வாசகங்களைத் தொகுத்தாலே ஒரு நகைச்சுவைக் கட்டுரை தேறும்: நன்றாகப் பார்த்தேன், மூத்தவர் ஒருவர் உறுதி செய்தார், பறவையின் பெயர் சொல்லும் செயலி அப்படித்தான் சொன்னது. இவற்றில் எதிலும் பறவை இல்லை. எத்தனை மீட்டர் தொலைவு, ஒளி எந்தப் பக்கம், பக்கத்தில் நின்ற எந்தப் பறவையைவிடப் பெரியது அல்லது சிறியது, அலகு, கால், சிறகு, குரல் ஆகியவற்றில் எவற்றைக் கண்டீர்கள், எவற்றைக் காணவில்லை, குழப்பக்கூடிய வழக்கமான பறவையை எந்தக் காரணத்தால் விலக்கினீர்கள் என்று எழுதுவதே விளக்கம். இதை வீட்டுக்கு வந்து கையேட்டைப் புரட்டிய பிறகு எழுதினால், பார்த்ததும் படித்ததும் கலந்துவிடும். களத்திலேயே கைப்பேசியில் நான்கு வரி எழுதிவிட வேண்டும். படங்களில் அழகானதை மட்டும் ஏற்றாமல், மங்கலானாலும் சிறகும் வாலும் தெரிவதையும் ஏற்றுங்கள். செயலியின் பரிந்துரையைத் தேடலின் தொடக்கமாகக் கொள்ளலாம். ஏரிக்காற்று இரைச்சலிடும் ஒலிப்பதிவை வைத்து அது சொல்லும் பெயருக்கு அதற்கு மேல் மதிப்பில்லை.

காலில் வண்ணக்கொடியோ கழுத்தில் பட்டையோ உள்ள பறவையைக் கண்டால் நிறம், எழுத்து, எண், எந்தக் கால், மூட்டுக்கு மேலா கீழா என்று குறிக்காமல் படம் மட்டும் எடுத்துவருவது பெரிய இழப்பு. மங்கோலியாவில் கழுத்துப்பட்டை அணிவிக்கப்பட்ட வரித்தலை வாத்துகள் தென்னிந்திய ஏரிகளில் கண்டறியப்பட்டது, யாரோ ஒருவர் அந்த எழுத்தைப் பொறுமையாகப் படித்ததால்தான்.

இடத்தை உடனே பரப்புவது

அரிய பறவையின் துல்லியமான இருப்பிடத்தைப் பார்த்த நிமிடமே பெருங்குழுக்களில் பகிர்வது என்னைப்போல் பொய்ச்செய்தி பரப்புவதில் முடியலாம். மெய்ச்செய்தியாக இருந்தால் இன்னும் மோசமாக முடியலாம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து இழந்த கொழுப்பை மீட்டுக்கொண்டிருக்கும் உள்ளானை, நல்ல படத்துக்காகப் பத்துப் பேர் மாறி மாறி எழுப்பிவிடுவது அதன் உணவைப் பறிப்பதாகும். படகில் போகிறவர்கள் கூட்டத்தை நோக்கி நேராகச் செலுத்தச் சொல்லாமல், தொலைவிலேயே இயந்திரத்தை நிறுத்தச் சொல்ல வேண்டும். பழவேற்காட்டில் மீன்பிடிப்பு இடங்களைப் பாடு முறையில் ஊர்கள் முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒருவருடைய முறை நாளில் அவர் வலைக்குள் பறவை பார்க்கும் படகு நுழைவது சிறிய இடையூறன்று. சரணாலயப் பகுதியில் அனுமதியின்றி டிரோன் பறக்கவிடுவதும், ஸ்ரீஹரிகோட்டாப் பாதுகாப்புச் சாவடியருகே நீண்ட லென்ஸை நீட்டுவதும் பறவையோடு தொடர்பில்லாத வேறு தொல்லைகளைக் கொண்டுவரும்.

தவறு தெரிந்த பிறகு பதிவைத் திருத்தாமல் விட்டுவிடுவது, கடைசியாகச் சொன்னாலும் அடிக்கடி நிகழ்வது. வெட்கத்தால் முழுப்பட்டியலையே அழித்துவிடுகிறவர்களும் உண்டு. அதனால் அன்று எண்ணிய ஏனைய நாற்பது இனங்களின் எண்ணிக்கையும் போய்விடுகிறது. பெயரை மட்டும் மாற்றினால் போதும். அண்ணாமலைச்சேரியிலிருந்து திரும்பிய இரவு நானும் அதைத்தான் செய்தேன். படத்தை நீக்கவில்லை, கொசு உள்ளான் என்ற பெயரின் கீழ், அலகு நுனியில் களிமண்ணோடு, அது இன்னும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.